வாசலை ஒட்டிய அறை

போன மாசம் ஒரு ராத்திரி டாலஸிலிருந்து நண்பன் கூப்பிட்டான். பிள்ளைகளுக்கு லீவு, குடும்பத்தோடு ஒர்லாண்டோ போகிறான். டிக்கெட், கார், தேதி எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டில் மூன்று வாரமாகப் பஞ்சாயத்து.

"டிஸ்னிக்கு உள்ளயே இருக்கிற ஹோட்டல்லதான் தங்கணுங்கிறா அவ. வெளிய பத்து நிமிஷத்துல, அதுல பாதிக் காசுக்கு ரூம் கிடைக்குதுடா. ரெண்டு வருஷமா சேத்து வச்ச காசு. நீதான் இதெல்லாம் படிப்பியே, சொல்லு."

நான் படித்தது வேறு. கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு என்று ஒரு கிறுக்கு சில வருஷமாக என்னைப் பிடித்திருக்கிறது. ரூம் வாடகை பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது வரலாற்றுக் கேள்விதான். பூங்காவுக்குள் தங்குவது லாபமா நஷ்டமா என்று இன்றைக்கு ஒரு குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போடுகிறதே, அந்தக் கணக்கின் இரண்டு பக்க எண்களையும் எழுபது வருஷமாக ஒரே கம்பெனிதான் எழுதிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் பாதியில், "காலைல ஆபீஸ் இருக்குடா" என்று வைத்துவிட்டான். மிச்சம் இங்கே.

*

முதலில் ஒரு விஷயம். பூங்காவை ஒட்டித் தங்குவது டிஸ்னி கண்டுபிடித்ததல்ல. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1885இலேயே யானை வடிவில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். நிஜமாகவே யானை: வயிற்றிலும் காலிலும் அறைகள், மொத்தம் 31. கொஞ்ச நாளில் அங்கே யார் எதற்காகத் தங்குகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியமாகி, கௌரவமான குடும்பங்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டன. 1896இல் அது எரிந்துபோனது.

ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டில் சீடர் பாயிண்ட் என்ற பூங்கா இருக்கிறது. ரோலர் கோஸ்டர் பைத்தியங்களுக்கு அது காசி மாதிரி. அங்கே ஹோட்டல் பிரேக்கர்ஸ் 1905இல் திறந்தது. 600 அறைகள். ஏரிக்கரையில், மணலை ஒட்டி. 1913 கோடையில் நூட் ராக்னி என்ற கல்லூரிப் பையன் அந்தக் கடற்கரையில் உயிர்காக்கும் வேலை பார்த்துக்கொண்டே நண்பனோடு பந்தை முன்னால் வீசிப் பிடிக்கப் பழகினான். அமெரிக்கக் கால்பந்தின் சரித்திரத்தில் அந்தக் கோடைக்குத் தனி இடம் உண்டு. (ஏரிக்கரையைக் கடற்கரை என்று எழுதிவிட்டேன். அந்த ஏரியைப் பார்த்தவர்கள் மன்னிப்பார்கள், மறுகரை தெரியாது.)

அந்தக் காலத்தில் பிரேக்கர்ஸில் தங்கியவர்கள் "இது வொர்த்தா" என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலோர் நீராவிப் படகில் வந்தார்கள். தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு ராத்திரி தங்க வேண்டுமென்றால் இருப்பது அந்த ஹோட்டல்தான். தூரம் இயற்கையானது. யாரும் அதைத் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை.

திட்டம் போட்ட கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது.

*

1955 ஜூலை 17. அனஹைம் என்ற சிற்றூரில், ஆரஞ்சுத் தோட்டங்களை வெட்டி எடுத்த 160 ஏக்கரில் டிஸ்னிலேண்ட் திறந்தது. செலவு 17 மில்லியன் டாலர். வால்ட் டிஸ்னியின் கையில் அவ்வளவு பணம் கிடையாது. ஏபிசி தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி செய்து தருகிறேன் என்று சொல்லி அவர்களிடமிருந்து முதலீடு வாங்கினார், கடன் வாங்கினார், தன் ஆயுள் காப்பீட்டின் மேலும் வாங்கினார். பூங்கா கட்டவே மூச்சு முட்டியது, இதில் ஹோட்டலுக்கு எங்கே போவது?

அதனால் இன்னொருவரைப் பிடித்தார். ஜாக் ராதர். எண்ணெய்க் குடும்பத்து ஆள், தொலைக்காட்சித் தயாரிப்பாளர். 'லாஸி', 'லோன் ரேஞ்சர்' தொடர்கள் அவர் கையில் இருந்தன. பூங்காவுக்கு எதிரே அவர் ஹோட்டல் கட்டட்டும், 'டிஸ்னிலேண்ட்' என்ற பெயரையும் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒப்பந்தம். அதே வருஷம் அக்டோபரில் சில அறைகளோடு டிஸ்னிலேண்ட் ஹோட்டல் திறந்தது. பெயரில் டிஸ்னி. கல்லாவில் ராதர்.

1959இல் பூங்காவுக்குள் மோனோரயில் ஓட ஆரம்பித்தது. திறப்பு விழாவுக்கு வந்தது அப்போதைய துணை ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன், குடும்பத்தோடு. இந்த மனிதர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். 1961இல் அந்த ரயிலை ஹோட்டல் வரைக்கும் நீட்டினார்கள். யோசித்துப் பாருங்கள்: டிஸ்னியின் ரயில், டிஸ்னியின் பூங்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ராதரின் வாசலில் இறக்கிவிடுகிறது.

ராதராவது பரவாயில்லை, ஒப்பந்தக்காரர். ஹார்பர் பூலவார்ட் பக்கம் வரிசையாக முளைத்த மோட்டல்கள்? அவர்களுக்கும் டிஸ்னிக்கும் எந்த உறவும் இல்லை. பகல் முழுக்க வால்ட் கூட்டத்தைக் கூட்டுவார், சாயங்காலம் அந்தக் கூட்டம் சாலையைத் தாண்டி மோட்டலுக்கும் பான்கேக் கடைக்கும் போய்ச் செலவழிக்கும். திருவிழா நடத்துபவன் ஒருத்தன், கடை போட்டுச் சம்பாதிப்பவன் இன்னொருத்தன். வால்ட்டுக்குப் பணம் போனது ஒரு பக்கம், நியான் விளக்கும் விளம்பரத் தட்டியும் தன் பூங்காவைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நிற்பதும் பிடிக்கவே இல்லை. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. நிலம் அவருடையதல்ல.

இந்தப் பழைய குறையால் இன்றைக்கு லாபம் நமக்கு. அனஹைமுக்குப் போகிறவர் யாராவது இதைப் படித்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே தங்கலாம். ஹார்பர் பூலவார்ட் மோட்டல்கள் சிலவற்றிலிருந்து பூங்கா வாசல் பத்து நிமிஷ நடை. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் சில அறைகளிலிருந்து நடந்தாலே அவ்வளவு ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது 1955இல் வால்ட்டின் காலிப் பை.

ராதர் 1984இல் இறந்தார். அந்த ஒரு ஹோட்டலைத் திரும்பப் பெற டிஸ்னி கம்பெனி 1988இல் ராதரின் கம்பெனியையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

*

அடுத்த முறை வால்ட் ஏமாறத் தயாராக இல்லை. 1960களின் நடுவில் ஃப்ளோரிடாவின் நடுப்பகுதியில், சதுப்பும் மாட்டுப் பண்ணையுமாகக் கிடந்த நிலத்தை யாரோ வாங்க ஆரம்பித்தார்கள். 'ரீடி க்ரீக் ரான்ச்' மாதிரியான பெயர்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கம்பெனிகள். டிஸ்னி பெயர் வெளியே வந்தால் விலை ஏறிவிடும். 1965இல் விஷயம் வெளியே வந்தபோது கையில் 27,000 ஏக்கருக்கு மேல் இருந்தது, மன்ஹாட்டன் தீவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்த விலை 5 மில்லியன் டாலருக்குச் சற்று மேல்.

பூங்காவுக்கு அவ்வளவு நிலம் வேண்டாம். இன்றைக்கு நாலு பூங்காக்கள் இருந்தும் பாதிக்கு மேல் காடும் சதுப்பும்தான். அந்த நிலம் மோட்டல் வராமலிருக்க. அதாவது வால்ட் வாங்கியது தூரத்தை. ஈரி ஏரி சும்மா கொடுத்ததை இவர் ஏக்கர் கணக்கில் விலை கொடுத்து வாங்கினார்.

வால்ட் அதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் இறந்துபோனார். அண்ணன் ராய் டிஸ்னி முடித்துவைத்தார். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தபோது, அதே நாளில் கான்டெம்பரரி, பாலினேஷியன் என்று இரண்டு ஹோட்டல்களும் திறந்தன. அனஹைமில் பூங்காவுக்குப் பிறகு வந்தது ஹோட்டல். இங்கே இரண்டும் ஒரே பிரசவம். கான்டெம்பரரியின் கட்டுமானமே தனிக் கதை. A எழுத்து மாதிரி எஃகுச் சட்டம் நிற்கும். அறைகளைக் குளியலறையோடு வேறு இடத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, பீரோவில் டிராயரைச் செருகுவது போலச் செருகினார்கள். கட்டடத்தின் வயிற்றுக்குள்ளே மோனோரயில் போகும். இந்த முறை ரயில் போய்ச் சேர்ந்தது சொந்த வாசலுக்கு.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. காரில் வருபவர்கள் வண்டியை நிறுத்தும் இடம் மேஜிக் கிங்டம் வாசலில் இல்லை. நடுவே ஒரு ஏரி, அதுவும் வெட்டிய ஏரி. வெளியாட்கள் காரை விட்டுவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ ஏறி அந்த ஏரியைக் கடந்துதான் பூங்காவைத் தொட முடியும். ஹோட்டல்களோ அதே ஏரியின் கரையில். கான்டெம்பரரியிலிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். நண்பன் மனைவி காசு கொடுத்து மிச்சம் பிடிக்க நினைக்கிற அந்த அலைச்சல் தானாக வந்ததில்லை, மண்வெட்டி வைத்துத் தோண்டியது.

இந்த ஹோட்டல்களில் நடந்தவற்றைப் பார்த்தால் சிரிப்பும் வரும், என்னவோ போலவும் இருக்கும். 1973 நவம்பர் 17, வாட்டர்கேட் முற்றிக்கொண்டிருந்த சமயம், பத்திரிகை ஆசிரியர்கள் மாநாட்டில் ஜனாதிபதி நிக்ஸன் எழுந்து நின்று, தான் ஒன்றும் திருடன் இல்லை என்று சொன்னாரே, அது இந்தக் கான்டெம்பரரியில்தான். அடுத்த வருஷம், 1974 டிசம்பர் 29, மகன் ஜூலியனோடு விடுமுறைக்கு வந்து பாலினேஷியனில் தங்கியிருந்த ஜான் லெனன், பீட்டில்ஸ் குழுவைச் சட்டப்படி கலைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மிக்கி மவுஸுக்குப் பக்கத்து அறையில் பீட்டில்ஸ் முடிந்தது. தங்கின காசுக்கு இதைவிடப் பெரிய சரித்திரம் வேறு எந்த ஹோட்டல் கொடுத்திருக்கிறது?

*

1984இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைக்கு வந்தபோது ஃப்ளோரிடாவில் இத்தனை நிலத்தில் டிஸ்னியின் ஹோட்டல்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. வெளியே, 192ஆம் நெடுஞ்சாலையிலும் இன்டர்நேஷனல் டிரைவிலும் மோட்டல்கள் மளமளவென்று பெருகியிருந்தன. தூரம் வைத்தாலும் கார் இருக்கிற நாடு அது, ஜனங்கள் வந்துவிடுகிறார்கள். ஐஸ்னர் கட்டித் தள்ளினார். 1988இல் கிராண்ட் ஃப்ளோரிடியன், அதே வருஷம் கொஞ்சம் மலிவாக கரீபியன் பீச், 1994இல் இன்னும் மலிவாக ஆல்-ஸ்டார். பணக்காரன், நடுத்தரம், கைக்கு அடக்கமானவன் என்று மூன்று தட்டு. நெடுஞ்சாலை மோட்டலுக்குப் போகும் குடும்பத்தையும் விடக் கூடாது என்பதுதான் மூன்றாவது தட்டு.

அப்படியும் வெளியே விலை குறைவு. ஆகவே தூரத்துக்கு அடுத்தபடியாக நேரத்தை விற்க ஆரம்பித்தார்கள். தங்குபவர்களுக்கு மட்டும் பூங்காவைச் சீக்கிரம் திறப்பது, ராத்திரி கூடுதலாகத் திறந்து வைப்பது. 2005இல் விமான நிலையத்திலிருந்து இலவச பஸ் விட்டார்கள். வாடகைக் கார் எடுக்காதவன் வெளியே போய்ச் சாப்பிட மாட்டான் இல்லையா? 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள். 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ், க்யூவில் நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு போவதற்கு, எல்லோருக்கும் இலவசம். 2021இல் அந்த இடத்துக்குக் காசு கட்டும் முறை வந்தது. இப்போது ஹோட்டலில் தங்குபவர் அதை 7 நாள் முன்பே பதிவு செய்யலாம், வெளியாட்களுக்கு 3 நாள். காலையில் தங்குபவர்களுக்கு 30 நிமிஷம் முன்னால் கதவு திறக்கும். ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததை எடுத்து, துண்டு போட்டு, ஒரு துண்டை அறைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதை நாம் சலுகை என்கிறோம்.

பக்கத்திலேயே யூனிவர்ஸல் இன்னும் வெளிப்படை. அங்கே உயர்தட்டு ஹோட்டல்கள் மூன்று: போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக். இவற்றில் தங்கினால் பழைய இரண்டு பூங்காக்களில் க்யூவைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையில் தங்கும் எல்லோருக்கும் இலவசம். வரும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. அப்படியென்றால் ஒரு ராத்திரி வாடகைக்கு இரண்டு நாள் பாஸ். நாலு பேர் கொண்ட குடும்பம், கூட்டம் உள்ள சீசன் என்றால் பாஸைத் தனியாக வாங்குவதைவிட அறை எடுப்பது மலிவாக வரக்கூடும். உள்ளே தங்குவது கணக்காகவே ஜெயிக்கும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான். 2025இல் திறந்த எபிக் யூனிவர்ஸில் மட்டும் இந்த இலவசம் செல்லாது. பாடம் படித்துவிட்டார்கள்.

*

இந்த வியாபாரம் தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் வந்தபோது முழு முதலீடும் ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனியுடையது. டிஸ்னிக்கு உரிமத்தொகை மட்டும். பூங்கா பிய்த்துக்கொண்டு ஓடியது, சுற்றியிருந்த ஹோட்டல்கள் நிரம்பின, டிஸ்னி வேடிக்கை பார்த்தது. அனஹைமில் பட்டது ஒன்று, டோக்கியோவில் பட்டது ஒன்று. மூன்றாவது தடவை விட்டுவிடக் கூடாது என்று ஐஸ்னர் பாரிஸுக்குப் போனார்.

1992 ஏப்ரல் 12 அன்று பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டரில் யூரோ டிஸ்னி திறந்தது. முதல் நாளே ஆறு ஹோட்டல்கள், ஒரு முகாம் தளம், மொத்தம் 5,200 அறைகள். மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன் போன்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தவை. ஃப்ளோரிடாவில் ஜனங்கள் நாலைந்து நாள் தங்குகிறார்கள், இங்கேயும் தங்குவார்கள் என்று கணக்கு.

அங்கே நாலு பூங்கா இல்லை, ஒன்றுதான். ஒரு நாளில் பார்த்து முடித்துவிடலாம். பிரெஞ்சு அரசு ஆசையாக நீட்டிக் கொடுத்த ஆர்இஆர் ரயில் பூங்கா வாசலிலேயே வந்து நின்றது. கூட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு வாங்கிய ரயில். அதே ரயில் சாயங்காலம் நாற்பது நிமிஷத்தில் பாரிஸின் நடுவே இறக்கிவிட்டது. பாரிஸ்! செயற்கை நியூயார்க் ஹோட்டலில் ராத்திரி வாடகை கட்டுவானா, ஸேன் நதிக்கரையில் நடப்பானா? தங்கியவர்களும் ஒரு ராத்திரிதான். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கு முடிக்க வரிசையில் நின்றார்கள். ஐரோப்பியர்கள் காலையில் பெரிதாகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் சாப்பாட்டுக்கூடங்களைச் சின்னதாகக் கட்டியிருந்தார்கள், அங்கேயும் வரிசை. முதல் குளிர்காலத்தில் பெரிய ஹோட்டல்களில் ஒன்றான நியூபோர்ட் பே கிளப்பை இழுத்து மூடினார்கள். 1993 நிதியாண்டில் நஷ்டம் 5.3 பில்லியன் ஃபிராங்க். 1994இல் கடனைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று, சவூதி இளவரசர் அல்வலீத் பணம் போட்டார், பெயரும் டிஸ்னிலேண்ட் பாரிஸ் என்று மாறியது.

தூரத்தை விலைக்கு வாங்கலாம். பாரிஸை நகர்த்திவைக்க முடியாது. இப்போதும் பாரிஸ் போகிறவர்களிடம் நான் சொல்வது, ரயிலில் போய்விட்டு ரயிலில் திரும்பி வா என்பதுதான். பூங்கா வாசலின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் இளஞ்சிவப்பு ஹோட்டலைப் பார்த்தால் மட்டும் எனக்கே சபலம் தட்டும். அதன் விலையைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

*

நண்பனிடம் சொல்லாமல் விட்டது இன்னொன்று உண்டு. 2017இல் ஷான் பேக்கர் எடுத்த 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' படம் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பெயர், வால்ட் டிஸ்னியின் ஃப்ளோரிடாத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் வைத்திருந்த பெயர். படம் நடப்பது 192ஆம் நெடுஞ்சாலை ஓர மோட்டல் ஒன்றில். டிஸ்னி யாத்ரீகர்களுக்காகக் கட்டி, ஊதா வண்ணம் அடித்து, 'மேஜிக்' என்று பெயரும் வைத்த மோட்டல். இப்போது அங்கே வீடு பிடிக்க முன்பணம் இல்லாத குடும்பங்கள் வாரக்கணக்கில் வாடகை கட்டி வாழ்கின்றன. பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்குச் சில்லறை கேட்டுத் திரிகின்றன. ஒரு காட்சியில் தேனிலவுக்கு வந்த பிரேசில் ஜோடி ஒன்று, டிஸ்னி ஹோட்டல் என்று நினைத்துத் தவறுதலாக இங்கே பதிவு செய்துவிட்டு வந்து நிற்கும். அந்தப் பெண் அழுவாள். மோட்டல் பிள்ளைகளோ அவளை வேடிக்கை பார்க்கும். ஒருத்திக்கு ஒரு ராத்திரி கூடத் தங்க முடியாத இடம், இன்னொருத்திக்கு வீடு.

படத்தில் காட்டுவது கற்பனை இல்லை. டிஸ்னியின் மூன்றாம் தட்டு ஹோட்டல்கள் வந்து, சுற்றிலும் புதிய ஹோட்டல்கள் பெருகி, பழைய மோட்டல்களுக்குச் சுற்றுலாக் கூட்டம் குறையக் குறைய, அந்த அறைகளுக்கு இந்தக் குடும்பங்கள் வந்தன. "உள்ளயா வெளியயா" என்ற நம் கேள்வியில் 'வெளியே' என்பது அதுவும்தான்.

*

நண்பனுக்கு மறுநாள் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். சின்னவளுக்கு நாலு வயசு. மத்தியானம் கட்டாயம் தூங்குவாள். ஏரிக்கரை ஹோட்டல் என்றால் பதினைந்து நிமிஷத்தில் அறைக்குப் போய்ப் படுக்கப் போட்டுவிட்டுத் திரும்பலாம். அந்தத் தூக்கத்துக்கு அவ்வளவு காசு கொடுக்க முடியுமானால் உள்ளே தங்கு. மலிவுத் தட்டு என்றால் அங்கிருந்து பெரும்பாலும் பஸ் பிடிக்கணும், கார் இருக்கும்போது அதற்கு வெளியிலேயே தங்கிவிடலாம், சமையலறையோடு கிடைக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜ் மட்டும் விதிவிலக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும், அங்கே பூங்காவுக்கே போகாமல் உட்கார்ந்திருக்கலாம். மோனோரயிலுக்குக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. கான்டெம்பரரியின் உள்முற்றம். தலைக்கு மேலே மோனோரயில் நுழைகிறது, பெரியவன் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கிறான், சின்னவள் அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள தங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லடா. காபி குடிக்க வந்தோம். நிக்ஸன் எங்க நின்னு பேசினாருன்னு கேட்டேன், இங்க வேலை பாக்குற பையனுக்குத் தெரியல. இவ நாளைக்கும் இதே மாதிரி வரலாங்கிறா."